குளிர்கால அணையில் கொடுவா கடிக்கவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஆஸ்திரேலியாவின் குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குயின்ஸ்லாந்து மாநில அணைகளுக்குக் கொடுவா பிடிக்கப் போகிறவர்களில் பலர், கோடையில் மீன் கிடைத்த அதே இடத்துக்குப் போய், அதே லூரை (செயற்கை இரையை) அதே வேகத்தில் இழுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறார்கள். "குளிரில் பாரமுண்டி வாயே திறக்காது" என்ற பேச்சு அப்படித்தான் பரவுகிறது. மீன் குளிரிலும் தின்னும். ஆனால் நாளில் கொஞ்ச நேரம் மட்டும், ஏரியிலேயே சற்றுச் சூடான இடத்தில் மட்டும், துரத்தத் தேவையில்லாத இரையை மட்டும். இந்த மூன்றில் எது உங்களுக்குத் தவறுகிறது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் இந்தக் குறிப்பு. உங்கள் சிக்கல் எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அதற்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த மூன்று பத்திகளை மட்டும் முதலில் படித்துவிடுங்கள்.

ஆஸ்திரேலியர்கள் பாரமுண்டி என்பது பழவேற்காட்டிலும் பிச்சாவரத்திலும் நம் மீனவர்கள் பிடிக்கும் கொடுவாவைத்தான். வெப்பமண்டல உடம்பு அதற்கு. 26 முதல் 30 டிகிரி வரையான நீரில்தான் நன்றாகத் தின்று வளரும். முட்டையும் குஞ்சும் பிழைக்க உப்புநீர் வேண்டும் என்பதால் அணைக்குள் இனப்பெருக்கம் நடக்காது. மன்டூரன், அவூங்கா, கின்சான்ட், டீம்பர்ரா, பீட்டர் ஃபாஸ்ட் என்று நீங்கள் எந்த அணைக்குப் போனாலும் அங்கே நீந்தும் ஒவ்வொரு கொடுவாவும் யாரோ குஞ்சாகக் கொண்டுவந்து விட்டதுதான். ஆற்றில் இருந்திருந்தால் வேறு நீரைத் தேடி நகர வழி இருந்திருக்கும். அணையில் அந்த வழி இல்லை. இருக்கும் நீருக்குள்ளேயே கதகதப்பைத் தேடிக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டாயம்தான் குளிர்காலத்தில் அதைக் கண்டுபிடிக்க நமக்கிருக்கும் துப்பு.

வெப்பத்தை இந்த மீன் எந்த அளவுக்கு நம்பியிருக்கிறது என்பதற்கு ஆஸ்திரேலியாவிலேயே ஒரு நல்ல சான்று உண்டு. குயின்ஸ்லாந்தைவிட மிகவும் குளிரான விக்டோரியா மாநிலத்தில், ஹேசல்வுட் அனல்மின் நிலையத்தின் குளிர்விப்புக் குளத்தில் 2016இல் கொடுவா விடப்பட்டது. மின்நிலையம் வெளியேற்றிய வெந்நீர் இருந்தவரை மீன் வளர்ந்தது. 2017 மார்ச்சில் நிலையம் மூடப்பட்டது. நீர் ஆறியதும் அந்த மீன்களுக்கு அங்கே எதிர்காலம் இல்லாமல் போனது.

ஆகவே எந்த அறிகுறிக்கும் முதல் வேலை வெப்பநிலை பார்ப்பது. என் கணக்கு இது: 24 டிகிரிக்கு மேல் இருந்தால் குளிர்காலம் என்பதையே மறந்துவிடலாம். 20 முதல் 24 வரை என்றால் மீன் தின்னும், வேகத்தை மட்டும் குறைத்துக்கொள்ள வேண்டும். 18 முதல் 20 வரை என்றால் நாளில் ஒன்றிரண்டு குறுகிய நேரங்களில் மட்டும் கொத்தும். கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி இந்த நிலைக்கு உரியது. 17க்குக் கீழே என்றால் அந்த ஏரியை விட்டுவிட்டு வடக்கே வேறு அணைக்குப் போங்கள். வடக்கு என்றதும் டினாரூ நினைவுக்கு வரலாம். அது கெய்ர்ன்ஸ் பக்கம் இருந்தாலும் கடல்மட்டத்துக்கு 600 மீட்டருக்கு மேலே, ஆதர்டன் மேட்டுநிலத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் அந்த நீர் தெற்கே உள்ள அணைகளைப் போலவே சில்லிட்டுவிடும். பிராசர்பைன் ஊருக்கு அருகிலுள்ள பீட்டர் ஃபாஸ்ட் அணை அதைவிடத் தெற்கே இருந்தும் குளிர்காலத்துக்கு மேலான தேர்வு.

அறிகுறி: ஏரி முழுக்கச் சுற்றியும் சவுண்டரில் (மீனைத் திரையில் காட்டும் படகுக் கருவி) மீனே இல்லை

குளிர்காலச் சிக்கல்களில் பெரியது இதுதான். இதைத் தீர்த்துவிட்டால் மற்றவை சிறியவை.

மீன் ஏரி முழுக்கப் பரவியிருப்பது கோடைப் பழக்கம். குளிரில் அது கூடிவிடும். ஏரியின் பெரும்பகுதி வெறுமையாகவும் ஏதோ ஒரு குடாவில் மட்டும் கூட்டமாகவும் இருக்கும். அந்தக் குடாவை மற்ற இடங்களிலிருந்து பிரிப்பது சில நேரம் அரை டிகிரிதான். 18 டிகிரி ஏரியில் 19 காட்டும் ஒரு குடா கிடைத்தால் தேடலை நிறுத்திவிட்டு அங்கேயே தங்கிவிடுங்கள்.

வெயில் எங்கே விழுகிறது என்று முதலில் பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்தவர்களுக்குத் திசை இங்கே தடுமாறும். தென்கோளக் குளிர்காலத்தில் சூரியன் வடக்கே சாய்ந்து நகர்கிறது. ஆகவே ஏரியின் ஒரு கிளையின் தென்கரை, அதாவது வடக்கு நோக்கிய கரை, நாள் முழுக்க வெயில் வாங்கும். எதிரே வடகரையில் மேடோ உயர்ந்த மரங்களோ இருந்தால் அதன் நிழல் கரையோர நீரில் பகலெல்லாம் விழுந்து கிடக்கும். நிழல் விழும் கரையை நான் குளிர்காலத்தில் தொடுவதே இல்லை. ஆழம் குறைந்த, அடியில் கறுத்த சேறோ அடர்ந்த பாசியோ உள்ள குடா வெயிலை வேகமாக உறிஞ்சும். நீரில் நிற்கும் பட்டமரங்களும் அப்படியே. மார்கழிக் காலையில் வெயில் விழும் திண்ணையாகப் பார்த்து உட்காரும் பெரியவர்களைப் போலத்தான் கொடுவாவும் அந்த மரங்களை ஒட்டி வந்து நிற்கும்.

அடுத்தது காற்று. இதில்தான் பலர் குழம்புகிறார்கள். "காற்று மோதும் கரையில் மீன் இருக்கும்" என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதி நேரம் அது சரி. பகலில் வெயிலால் சூடான மேல்நீரைக் காற்று தள்ளிக்கொண்டு போய் எதிர்க்கரையில் குவிக்கும். குயின்ஸ்லாந்துக் கடற்கரைப் பகுதியில் குளிர்காலத்தில் அடிக்கடி வீசுவது தென்கிழக்குக் காற்று. நல்ல வெயில் நாளில் அது சில மணி நேரம் ஒரே சீராக வீசினால் ஏரியின் வடமேற்குப் பக்கக் குடாக்களிலும் முனைகளிலும் சூடான நீர் சேர்ந்துவிடும். பிற்பகலில் அங்கே போக வேண்டும்.

குளிர்ந்து வறண்ட மேற்குக் காற்று வீசும் நாளில் கதை தலைகீழ். அது மேல்நீரை ஆவியாக்கிக் குளிரவைக்கிறது. இரவு முழுக்க அப்படி வீசியிருந்தால் காற்று மோதும் கரைதான் ஏரியிலேயே சில்லென்ற இடமாக இருக்கும். அப்போது காற்றுக்கு மறைவான, வெயில் விழும் குடாவைத் தேடுங்கள். காற்று எந்தப் பக்கம் என்பதோடு நிற்காமல், அது எப்போது தொடங்கியது, தொடும்போது வெதுவெதுப்பா சில்லென்றா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சவுண்டர் காட்டும் வெப்பநிலையை அப்படியே நம்பவும் கூடாது. உணரி படகின் அடியில், மேல்மட்டத்திலேயே இருக்கிறது. காற்றில்லாத நண்பகலில் மேலே ஒரு சாண் நீர் மட்டும் சூடாகி, அதற்குக் கீழே பழைய குளிர் அப்படியே இருக்கும். மீன்தொட்டிக்கு விற்கும் சாதாரண வெப்பமானியை ஒரு ஈயக்குண்டோடு கட்டி இரண்டு மீட்டர் ஆழத்தில் சிறிது நேரம் தொங்கவிட்டு எடுத்துப் பாருங்கள். மேலே 20, கீழே 18 என்றால் அந்தக் குடா இன்னும் தயாராகவில்லை. இரண்டும் ஏறக்குறைய ஒன்றானால் அங்கே மீன் வரும்.

வெப்பம் இருந்தும் இரை இல்லாத இடத்தில் கொடுவா நிற்காது. இந்த அணைகளில் அதன் முக்கிய உணவு போனி பிரீம் என்ற வெள்ளி நிறத் தட்டை மீன். அதுவும் வெயில் விழும் ஆழமற்ற நீரில்தான் கூடும். நீர்க்காகங்களும் கூழைக்கடாக்களும் ஒரு குடாவை விட்டுப் போகாமல் இருந்தால், சவுண்டர் என்ன சொன்னாலும் நான் அங்கே ஒரு மணி நேரம் கொடுப்பேன்.

காலையில் அதே குடாவுக்குள் மீன் இல்லையென்றால் அதன் வாயில், பழைய ஆற்றுத் தடத்தை ஒட்டிய பட்டமரங்களில், ஐந்து முதல் எட்டு மீட்டர் ஆழத்தில் பாருங்கள். இரவை அங்கே கழித்துவிட்டு நீர் சூடேறியதும் உள்ளே வரும்.

அறிகுறி: காலை முழுக்க ஒன்றும் இல்லை, மதியத்தோடு திரும்பிவிடுகிறேன்

காலையில் போகாதீர்கள். விடியலில் நீர் அன்றைய நாளின் மிகக் குறைந்த வெப்பத்தில் இருக்கும். நிதானமாகக் காலை உணவை முடித்துவிட்டுப் பதினோரு மணிக்குப் படகை இறக்குங்கள். பிற்பகல் இரண்டிலிருந்து இருட்டிய பிறகு ஒரு மணி நேரம் வரை இருங்கள். குளிர்காலத்தின் நல்ல நேரம் அதற்குள் அடங்கிவிடும். முழுநிலாவை ஒட்டிய நாட்களில் மட்டும் இன்னும் சற்று நேரம் தங்கலாம்.

அறிகுறி: சவுண்டரில் மீன் தெளிவாகத் தெரிகிறது, எதையும் தொடுவதில்லை

தெரிவது கொடுவாதானா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். இந்த ஏரிகளில் கெளுத்தி நிறைய உண்டு. பெரிய கெளுத்திக் கூட்டம் திரையில் ஏமாற்றும். பக்கவாட்டுக் காட்சியில் பார்த்தால் கொடுவா தடித்த வெள்ளைக் கீற்றாகவும், அதன் நிழல் சற்றுத் தள்ளித் தனியாகவும் விழும். பெரும்பாலும் மரத்தையோ பாசி விளிம்பையோ ஒட்டி, ஒன்றுக்கொன்று சிறு இடைவெளிவிட்டு அசையாமல் நிற்கும். கெளுத்திகள் அடியை ஒட்டிச் சிதறி நகர்ந்துகொண்டே இருக்கும்.

கொடுவாதான் என்றால், அது இப்போது பசியில்லாமல் நிற்கிறது. குளிர்ரத்தப் பிராணியின் உடலில் நீர் பத்து டிகிரி குறைந்தால் எல்லாம் ஏறக்குறைய பாதி வேகத்தில்தான் நடக்கும். கோடையில் தினமும் தின்ற மீன், தின்றதைச் செரிக்கவே இப்போது அதிக நாள் எடுக்கிறது. அதன் தலைமேல் நூறு முறை வீசினால் பசி வந்துவிடாது. எச்சரிக்கை உணர்வுதான் வரும். இடத்தைக் குறித்துக்கொண்டு விலகிவிடுங்கள். பசி நேரத்தில் திரும்பி வரலாம்.

அந்த நேரங்கள் ஓரளவு கணிக்கக்கூடியவை. நீர் அன்றைய உச்ச வெப்பத்தை எட்டும் பிற்பகல் மூன்று, நான்கு மணி ஒன்று. சூரியன் அடிவானத்தைத் தொடும் அரைமணி நேரம் மற்றொன்று. அணைகளில் நெடுநாள் கொடுவா பிடிப்பவர்கள் நிலா உதிக்கும் நேரத்தையும் மறையும் நேரத்தையும் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்வார்கள். அவை பிற்பகலோடு ஒத்துப்போகும் நாளுக்காகவே விடுமுறை எடுப்பவர்கள் உண்டு. முழுநிலாவுக்கு முந்தைய சில நாட்களில் நிலா பிற்பகலிலோ மாலையிலோ உதிக்கும் என்பதால் குளிர்காலத்துக்கு அந்த வாரம் எனக்குப் பிடித்தமானது.

வானிலையையும் சேர்த்துப் பாருங்கள். தெற்கிலிருந்து குளிர்க்காற்று வருவதற்கு முந்தைய நாள் வடமேற்குக் காற்று வெதுவெதுப்பாக வீசும், காற்றழுத்தம் இறங்கும். மீன் மளமளவென்று தின்னும் நாள் அது. குளிர்க்காற்று வந்த பிறகு இரண்டு நாட்கள் மோசம். வானம் தெளிந்து, காற்று அடங்கி, தொடர்ந்து மூன்று நாள் வெயில் அடித்த பிறகு மறுபடி நம்பிக்கையோடு போகலாம். ஒரே ஒரு வார இறுதிதான் கையில் இருக்கிறது, அதுவும் குளிர்க்காற்றுக்கு மறுநாள் என்றால், பயணத்தைத் தள்ளிப்போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

திரும்பி வரும்போது சத்தமில்லாமல் வாருங்கள். குளிர்காலத்தில் மழை குறைவு, நீர் தெளிந்திருக்கும், மீனும் நான்கைந்து அடி நீரில் நிற்கும். பெட்ரோல் மோட்டாரைத் தொலைவிலேயே நிறுத்திவிட்டு எலக்ட்ரிக் மோட்டாரில் நுழையுங்கள். படகை மீனுக்கு மேலே கொண்டுபோகாமல் நீண்ட வீச்சுத் தூரத்தில் நிறுத்துங்கள். உள்ளே பார்க்க வேண்டும் என்ற ஆசையில் சவுண்டரோடு மீன் கூட்டத்தைக் குறுக்கே கடப்பவர்கள், பார்த்துவிடுகிறார்கள், ஆனால் பிடிப்பதில்லை.

அறிகுறி: மீன் லூரின் பின்னாலேயே படகு வரை வந்து திரும்பிவிடுகிறது

நல்ல செய்தி இது. இடமும் நேரமும் சரி, மீதி உங்கள் கையில்.

வேகத்தைப் பாதியாக்குங்கள். பிறகு அதையும் பாதியாக்குங்கள். வால் ஆட்டும் ரப்பர் லூர் என்றால் வால் மட்டும் அசையும் அளவுக்கு ரீலைச் சுற்றினால் போதும். இதற்காகக் கனம் குறைந்த ஈயத் தலையைப் போட்டால் லூர் அடியில் இறங்காமல் மெதுவாக வரும். ஆனால் குளிருக்கு என் முதல் தேர்வு அந்தரத்தில் நிற்கும் ஹார்ட்பாடி (கெட்டி உடம்பு) லூர். ஜாக்கால் ஸ்கிரல் 79 போன்ற சிறிய லூர்கள் மீட்டர் நீளக் கொடுவாவையும் எடுத்திருக்கின்றன. இரண்டு முறை சிறிதாக வெட்டி இழுத்து, நிறுத்துங்கள். ஐந்து விநாடி. பத்து விநாடி. நீர் 18 டிகிரி என்றால் பதினைந்து கூட. அந்த நிறுத்தத்தில்தான் கொத்து வரும். கையில் தெரிவது பெரிய அடியாக இருக்காது. பிரெய்டு நரம்பு (பின்னல் நூல்) சற்றே நகரும், அல்லது அடுத்த வெட்டின்போது ஈரச் சாக்கு மாட்டியது போலக் கனக்கும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. லூர் உண்மையிலேயே அந்தரத்தில் நிற்கிறதா? நிறுத்தும்போது மெல்ல மேலே மிதந்தால், சோம்பிக் கிடக்கும் மீன் அதைத் தொடராது. காரணம் எளிது. குளிர்ந்த நீர் அடர்த்தி கூடியது. 28 டிகிரி நீருக்கும் 18 டிகிரி நீருக்கும் அடர்த்தியில் ஏறக்குறைய கால் சதவீதம் வித்தியாசம். கோடையில் அசையாமல் நின்ற லூர் அதே ஏரியில் ஜூலையில் மேலே ஏறுவது இதனால்தான். மும்முட்களைக் கனமானவையாக மாற்றியிருந்தால் மாறாக அது மூழ்கவும் செய்யலாம். லூருக்கு முன்னால் கட்டும் தடித்த ஃப்ளோரோகார்பன் லீடர் நரம்பு அதன் மூக்கைக் கீழே இழுக்கும். வீட்டுத் தொட்டியில் சோதிப்பது பயன்படாது. அந்த ஏரியில், அந்த நீரில், நீங்கள் கட்டப்போகும் லீடரோடு படகின் ஓரத்தில் விட்டுப் பாருங்கள். ஏறினால் வயிற்றில் ஒட்டும் ஈயத் தகட்டுத் துண்டு ஒன்றை ஒட்டுங்கள், அல்லது முன் வளையத்தை ஒரு அளவு பெரிதாக்குங்கள். மூழ்கினால் முள்ளை ஒரு அளவு குறையுங்கள். மிக மிக மெதுவாக, ஒரு விநாடிக்கு ஒரு விரற்கடை இறங்கினாலும் பரவாயில்லை. ஏறுவதுதான் கூடாது. பத்து நிமிட வேலை இது. நிறத்தை மாற்றி மாற்றிக் கட்டுவதைவிட இதற்குப் பலன் அதிகம்.

நீர் மிகத் தெளிவாக இருந்தால் லீடரை நீளமாக்குங்கள், இரண்டு மீட்டர் வரை. கோடையில் 80 பவுண்டு பலமுள்ள லீடர் கட்டுபவர்கள் 50 அல்லது 60க்கு இறங்கலாம். அதற்குக் கீழே வேண்டாம். கொடுவாவின் தாடை அரம் போன்றது, செவுள் மூடியின் விளிம்போ நரம்பை அறுத்துவிடும்.

அறிகுறி: தட்டுகிறது, முள்ளில் ஏறுவதில்லை

கோடையில் கொடுவா வாயைத் திறந்து, இரையோடு சேர்த்து நீரையும் உறிஞ்சிவிடும். அந்த 'பூம்' சத்தத்துக்காகவே பலர் இந்த மீனைத் தேடிப் போகிறார்கள். குளிரில் அந்த உறிஞ்சலில் பலம் இருக்காது. லூர் வாயின் ஓரத்தோடு நின்றுவிடும், அல்லது வால் மட்டும் உள்ளே போகும்.

தட்டு தெரிந்ததும் ராடை (தூண்டில் கோலை) ஓங்கி இழுக்காதீர்கள். ஓங்கினால் பாதி வாயில் இருப்பதையும் பிடுங்கிவிடுவீர்கள். ராடை லூரை நோக்கித் தாழ்த்தி, ரீலைச் சுற்றிக்கொண்டே கனம் வரும்வரை காத்து, பிறகு பக்கவாட்டில் அழுத்துங்கள். ரப்பர் லூரில் ஒற்றை முள் மட்டும் இருந்தால் வயிற்றிலோ வாலுக்குச் சற்று முன்னோ ஒரு மும்முள்ளைச் சேருங்கள். பாசி அடர்ந்த இடத்தில் அது சிக்கும். அங்கே ஆறு அங்குல லூரை நாலரை அங்குலமாகக் குறைப்பது மேல். முள்ளின் நுனியை நகத்தில் வைத்துப் பாருங்கள். வழுக்கினால் மாற்றுங்கள், தீட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

தொடர்ந்து வால் மட்டும் கடிபட்டு, ரப்பரில் சிறு சிறு கீறல்கள் இருந்தால் அது கெளுத்தி. லூரை அடியிலிருந்து ஒரு மீட்டர் உயர்த்துங்கள்.

அறிகுறி: மாட்டிய மீன் தப்பிவிடுகிறது

இதற்குப் பருவம் கிடையாது, ஆகவே சுருக்கமாக. குதிக்கும்போது ராடு நுனியை நீருக்கருகே தாழ்த்துங்கள். மரக்காட்டில் டிராக்கை (நரம்பு ஓடுவதைத் தடுக்கும் ரீல் பிடியை) இறுக்கி, முதல் பத்து விநாடியில் மீனின் தலையைத் திருப்பிவிடுங்கள். திறந்த நீருக்கு வந்ததும் தளர்த்தலாம். குளிர்ந்த மீன் தொடக்கத்தில் மந்தமாக வரும். படகைப் பார்த்ததும்தான் அதற்கு உயிர் வரும். வலையை நீட்டும் அந்த நேரத்துக்காக டிராக்கில் கொஞ்சம் இளக்கம் வைத்திருங்கள். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் லீடரின் கடைசி ஒரு முழத்தை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் வெட்டி மறுபடி கட்டுங்கள்.

அறிகுறி: ஒரு மீன் கிடைத்தது, பிறகு அந்தக் குடா செத்துவிட்டது

மாட்டிய மீன் ஆழமற்ற நீரில் போட்ட ஆட்டத்தில் கூட்டம் கலைந்திருக்கிறது. ஏரியை விட்டு ஓடியிருக்காது, குடாவின் வாய்க்கு நகர்ந்திருக்கும். ஒரு மணி நேரம் அந்தக் குடாவுக்கு ஓய்வு கொடுத்து, வேறு குடாவைப் பார்த்துவிட்டு, மாலையில் வாயிலிருந்து உள்நோக்கி வீசிக்கொண்டு வாருங்கள். மீன் மாட்டியவுடன் அதைக் கூட்டத்திலிருந்து வெளியே திறந்த நீருக்கு இழுத்துவந்து ஆட விட்டால் இந்தச் சிக்கல் பாதி குறையும்.

அறிகுறி: படகு இல்லை, கரையிலிருந்து ஒன்றும் நடக்கவில்லை

குளிர்காலம் கரைக்காரர்களுக்கு நல்ல பருவம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கோடையில் நடு ஏரியில் இருக்கும் மீன் இப்போது வெயில் வாங்கக் கரையோரம் வருகிறது. கரையிலிருந்து போக முடிந்த பகுதியில், வடக்கு நோக்கிய சரிவோ காற்று குவிக்கும் முனையோ எது என்று வரைபடத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பிற்பகலில் போய், கரைக்கு இணையாக வீசுங்கள். நேராக நடுவுக்கு வீசினால் லூர் மீன் இருக்கும் நீரில் கழிக்கும் நேரம் மிகக் குறைவு. கரைக்கு இணையாக என்றால் முழு வீச்சும் பயன்படும். விளிம்பிலிருந்து சில அடி பின்னால் நின்று, நிழல் நீரில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வடக்கு குயின்ஸ்லாந்தில் முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் நீருக்குள் இறங்காதீர்கள், கரையோரத்தில் குனிந்து மீன் கழுவாதீர்கள்.

படகோ கரையோ, 18 வயது நிறைந்தவர்கள் மீன் விடப்பட்ட பெரும்பாலான அணைகளில் அதற்கான அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அந்தப் பணத்தின் பெரும்பகுதி அடுத்த ஆண்டுக் குஞ்சுகளை வாங்கி விடுவதற்குத்தான் போகிறது. தன்னால் பெருகாத மீனுக்கு நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்சம் அது. கிழக்குக் கரையின் கொடுவாத் தடைக்காலம் நவம்பரில் தொடங்குவதால் குளிர்காலத்தில் அது குறுக்கிடாது. அளவு வரம்பையும் எண்ணிக்கை வரம்பையும் அந்தந்த ஏரிக்குத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: மீன் மேல்மட்டத்தில் மந்தமாக நிற்கிறது, உடம்பில் புண் இருக்கிறது

இந்தப் பகுதியை யாரும் தாண்டிப் போகக் கூடாது.

நீர் நீண்ட நாள் 16, 15 டிகிரிக்குப் பக்கம் இருந்தால் கொடுவாவின் எதிர்ப்புச் சக்தி விழுந்துவிடும். தோலில் சிவந்த திட்டுகள், பஞ்சு போன்ற வெள்ளைப் பூஞ்சை, மங்கிய கண், ஆளைக் கண்டும் விலகாத மந்தம். இவற்றைக் கண்டால் அங்கே தூண்டில் போடுவதை நிறுத்துங்கள். அந்த மீன் லூரைத் தொட்டாலும் அதைப் பிடிப்பது வெற்றியாகாது. போராட்டத்தில் அது செலவழிக்கும் பலத்தை அந்தக் குளிரில் திரும்பச் சேர்க்க முடியாது. செத்து மிதக்கும் பெரிய மீன்கள் பல கண்ணில் பட்டால் படம் எடுத்து, இடத்தையும் நீர் வெப்பத்தையும் குறித்து, அணை நிர்வாகத்துக்கோ மீன்வளத் துறைக்கோ தெரிவியுங்கள். போனி பிரீமும் குளிரில் கூட்டமாகச் சாகும். அதை மட்டும் கண்டால் பதற வேண்டாம்.

நலமான மீனை விடும்போதும் குளிர்காலத்துக்குச் சில முறைகள் உண்டு. குளிர்நீரில் ஆக்சிஜன் கூடுதல் என்பது உண்மைதான். 28 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாகவும் 18 டிகிரியில் ஒன்பதரை மில்லிகிராம் அளவிலும் கரைந்திருக்கும். ஆனால் களைத்த தசை தேறுவது குளிரில் மெதுவாகத்தான் நடக்கும். ஆகவே சண்டையை நீட்டாதீர்கள். மெல்லிய நரம்பில் மீட்டர் மீனை அரைமணி நேரம் ஆட்டுவது குளிரில் அதற்குச் செய்யும் கொடுமை. வலையை நீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள். படம் வேண்டுமென்றால் கேமராவைத் தயார்செய்த பிறகு தூக்குங்கள். ஒரு கை தாடையில், மறுகை வயிற்றுக்கடியில், மீன் கிடைமட்டமாக. பெரிய கொடுவாவைத் தாடையில் கொக்கி மாட்டிச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் அதன் முழு எடையும் தாடை மூட்டிலும் முதுகெலும்பிலும் இறங்கும். படகில் கிடத்த வேண்டியிருந்தால் நனைத்த பாய் விரித்துக் கிடத்துங்கள். குளிர்ந்த வறண்ட காற்றில் அதன் மேல்தோலின் வழவழப்பு விரைவில் காய்ந்துவிடும், பூஞ்சை நுழைவது அந்த வழியாகத்தான்.

இந்த ஏரிகளில் மீட்டர் தாண்டிய மீன்கள் ஏறக்குறைய எல்லாமே பெண். கொடுவா ஆணாக முதிர்ந்து, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும் மீன். 2010இல் மன்டூரனில் பிடிபட்டு உலகச் சாதனையாகப் பதிவான மீனின் எடை 44.64 கிலோ. அணைக்குள் அவை முட்டையிடாவிட்டாலும், பெருவெள்ளத்தில் அணை நிரம்பி வழியும்போது கீழே ஆற்றுக்கும் கடலுக்கும் போய்ச் சேர்கின்றன. 2010–11 வெள்ளத்தில் அவூங்காவிலிருந்து அப்படிப் போன ஆயிரக்கணக்கான கொடுவாக்கள் கிளாட்ஸ்டன் துறைமுகம் வரை காணப்பட்டன.

விட்ட மீன் சாய்ந்து மிதந்தால் முன்னும் பின்னும் ஆட்டாதீர்கள். பின்னோக்கி இழுக்கும்போது நீர் செவுளில் தவறான பக்கமாகப் போகும். தாடையைப் பிடித்தபடி எலக்ட்ரிக் மோட்டாரை மிகக் குறைந்த வேகத்தில் முன்னால் ஓட்டுங்கள், அல்லது காற்று உண்டாக்கும் நீரோட்டத்துக்கு எதிராகத் தலையை வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் ஒரு நிமிடத்தில் தேறும் மீனுக்குக் குளிரில் ஐந்து நிமிடம் ஆகலாம். விரலைக் கடித்து அழுத்தி, வாலை ஓங்கி அடிக்கும்வரை விடாதீர்கள். முடிந்தால் பிடித்த அந்தச் சூடான குடாவிலேயே விடுங்கள். படம் எடுக்க வசதியான இடம் என்று நடு ஏரிக்குக் கொண்டுபோய் ஆழத்தின் குளிரில் விட வேண்டாம்.